எண்ணெய் எப்ப காயும், ஆன்ட்டி? ஈரம் போன சொற்களுக்கு ஒரு பெங்களூர் வழிகாட்டி

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடிப் பெண் ஒரு மாலை வீடியோவில் கூப்பிட்டாள். ஒரு கையில் கரண்டி, பின்னால் லேசாகப் புகை. "ஆன்ட்டி, எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடணும்னு எழுதியிருக்கு. பத்து நிமிஷமா பாத்துட்டே இருக்கேன், எண்ணெய் அப்படியேதான் இருக்கு. எப்ப காயும்?"

முதலில் அடுப்பை அணைக்கச் சொன்னேன். அப்புறம்தான் சிரித்தேன்.

அவள் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம். தமிழ் படிக்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. அவளுக்குத் துணி காயும், தொண்டை காயும், ஏரி காயும், தோலும் காயும். எல்லாமே ‘டிரை’ என்ற ஒரே பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. தப்பென்று சொல்லவும் முடியாது, பேச்சில் பாதி ஓடிவிடும். ஆனால் எழுதும்போது மாட்டிக்கொள்வோம். நானே மாட்டியிருக்கிறேன். மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், துவைக்கும் இயந்திரத்துக்கான கையேடு ஒன்றில் "துணிகள் வறண்டதும் வெளியே எடுக்கவும்" என்று எழுதி அனுப்பினேன். திருத்திய பெரியவர் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: "துணிக்கு மழை இல்லையா அம்மா?"

அவளைப் போல, அன்றைய என்னைப் போல இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

எந்தச் சொல் போடுவது என்று குழம்பினால் காய்ந்த பொருளையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது காயாமல் இருந்தபோது எப்படி இருந்தது, அதற்கு என்ன சொல்வோம் என்று கேளுங்கள்.

ஈரத்துணிக்கு எதிர் காய்ந்த துணி. பச்சை மிளகாய்க்கு எதிர் காய்ந்த மிளகாய். ‘ஈர மிளகாய்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘பச்சைத் துணி’ என்றால் நிறம். நிறைந்த குளத்துக்கு எதிர் வற்றிய குளம். செழித்த நிலத்துக்கு எதிர் வறண்ட நிலம். ஆக, ஈரம், பச்சை, நிறைவு, செழிப்பு என்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசல் வழியாக நீர் வெளியே போனது என்று தெரிந்தால் சொல் பெரும்பாலும் தானாக வந்து நிற்கும்.

பெங்களூர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்குப் புத்தகமே வேண்டாம். காலையில் வரும் குப்பை வண்டி போதும். "ஹசி கசா, ஒண கசா" என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள் இல்லையா? பச்சைக் கூடையில் ஹசி, பையில் ஒண. புதிதாக வந்தவர்கள் ஹசியை ‘ஈரக் குப்பை’ என்றும் ஒணவை ‘காய்ந்த குப்பை’ என்றும் புரிந்துகொண்டு குழம்புவார்கள். நேற்றைய சப்பாத்தி அப்பளம்போல் விறைத்துக் காய்ந்து கிடக்கிறது, அது எதில் போக வேண்டும்? ஹசியில்தான். கழுவிய பால் பாக்கெட்டில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது, அது? காயவிட்டு ஒணவில். ஏனென்றால் இங்கே ஹசி என்பது ஈரத்தைக் குறிக்கவில்லை, பச்சையைக் குறிக்கிறது. நம்முடைய பசுமை, பச்சை ஆகியவற்றின் உறவுக்காரச் சொல் அது. தமிழில் ‘ப’ என்று தொடங்குவது கன்னடத்தில் பல இடங்களில் ‘ஹ’ ஆகும். பால் ஹாலு ஆனதும், புலி ஹுலி ஆனதும் அப்படித்தான். பச்சையாக இருப்பது அழுகும், அழுகுவது ஹசி. இந்தக் கணக்கு பிடிபட்டால் குப்பையும் சரியாகப் பிரியும், தமிழும் சரியாக வரும்.

இரண்டாம் படி: காய், உலர் இரண்டையும் பிரிப்பது

தமிழில் இந்த இடத்தில் அதிகம் உழைக்கும் சொல் ‘காய்’தான். இதற்குள் வெப்பம் உட்கார்ந்திருக்கிறது. வெயில் காயும், நிலவும் காயும். டிசம்பர் குளிரில் நாம் மொட்டை மாடியில் வெயில் காய்வோம், யாரும் அங்கே உலர்ந்துபோவதில்லை. காய்ச்சலும் இதே குடும்பம், பாலைக் காய்ச்சுவதும் இதே குடும்பம். எண்ணெய் காய்ந்தது என்றால் சூடேறியது என்று பொருள். கன்னடத்திலும் பாலைக் காய்ச்சுவதற்கு ‘காயிசு’ என்றே சொல்வார்கள். மூன்றாவது மாடிப் பெண்ணுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். தெரிந்த சொல் வேறு ஊர்ச் சட்டை போட்டு வந்ததால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வெயிலோ நெருப்போ கண்ணுக்குத் தெரிந்தால் ‘காய்’ போடுங்கள். துணி, நெல், வடகம், விறகு எல்லாம் காயும்.

‘உலர்’ மென்மையான சொல். காற்றில், நிழலில், மெதுவாக மேலீரம் போவது. நாட்டு மருந்துக் குறிப்புகளைப் பாருங்கள்: "நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்து" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். துளசியையும் கறிவேப்பிலையையும் வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும், அதனால் நிழல். நிழலோடு உலர், வெயிலோடு காய் என்று ஜோடி போட்டு மனதில் வைத்துக்கொள்ளலாம். கல்லில் செதுக்கிய விதி இல்லைதான், ஆனாலும் பத்துக்கு எட்டு முறை காப்பாற்றும். பேச்சில் ‘உலர்’ குறைவு. எழுத்திலும் பொட்டலங்களின் மேலும் நிறைய: உலர் திராட்சை, உலர் பழங்கள், உலர் சலவை. ஆனால் "தலை உலர்ந்துடுச்சா?" என்று வீட்டில் கேட்டால் கொஞ்சம் மேடைப் பேச்சுபோல இருக்கும். தலை காய்ந்துவிட்டதா என்றே கேளுங்கள். துண்டால் ஈரத்தை எடுப்பது உலர்த்துவதில் சேராது, அது துவட்டுவது. தலையைத் துவட்டுகிறோம், தட்டைத் துடைக்கிறோம், முகத்தை ஒற்றி எடுக்கிறோம். மூன்றையும் ‘உலர்த்தினாள்’ என்று எழுதினால் எல்லாருடைய கையிலும் ஹேர் டிரையர் இருப்பதாகத் தோன்றும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்த ஊர்த் தூறல் விடாது. பால்கனிக் கொடியில் துணி இரண்டு நாள் தொங்கினாலும் ஈரமும் இல்லாமல் காய்ந்தும் இல்லாமல் இருக்கும். அதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: அரைக்காய்ச்சல். "துணி அரைக்காய்ச்சலா இருக்கு, இப்பவே இஸ்திரி போட்டுடு." வடகம் போடுபவர்களும் இதைச் சொல்வார்கள், அரைக்காய்ச்சலில்தான் துணியிலிருந்து உரித்துத் திருப்பிப் போட வேண்டும். அப்படியே அந்த வீட்டு அளவையும் கற்றுக்கொள்ளுங்கள். "இன்னும் ரெண்டு வெயில் காயணும்" என்பார்கள். வெயில் என்பது இங்கே நாளைக் குறிக்கும் எண்ணிக்கை. நன்றாகக் காய்ந்ததா என்பதற்குக் காதுதான் சாட்சி, முறத்தில் அள்ளிப் போட்டால் கலகலவென்று சத்தம் வர வேண்டும்.

மூன்றாம் படி: வற்று, வறள்

இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதனால்தான் அதிகம் குழம்புகிறோம்.

வற்றுவதற்கு ஒரு கொள்கலம் வேண்டும். குளம், கிணறு, பசுவின் மடி, அடுப்பில் இருக்கும் குழம்பு. அளவு குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். கண்ணீர் வற்றும், ஏனென்றால் கண் ஒரு சின்னக் கிணறு. உடம்பு வற்றிவிட்டது என்றால் சதை குறைந்துவிட்டது.

வறள்வதற்குக் கொள்கலம் தேவையில்லை. ஈரமாக இருந்தால்தான் நலம் என்றிருக்கும் பொருள் அந்த ஈரத்தை இழப்பது வறள்வது. நிலம், தொண்டை, நாக்கு, உதடு, தோல். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே காற்றில் ஈரம் குறைந்து உதடு வெடிக்கிறதே, அது வறண்ட உதடு. அதையே ‘உலர்ந்த உதடு’ என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, உதட்டைக் கழுவிக் காயவைத்ததுபோல இருக்கிறது. என் கையேட்டுத் துணி விஷயத்தில் அந்தப் பெரியவர் சொல்லவந்ததும் இதுதான். காய்ந்திருப்பது துணிக்கு இயல்பு, அதற்கு அது நஷ்டம் இல்லை. வறள்வதில் எப்போதும் ஒரு நஷ்டம் இருக்கும். வறுமையையும் இந்தச் சொற்குடும்பத்தோடு சேர்த்தே சொல்வார்கள்.

பயிற்சிக்கு 2024 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு மழை சரியாகப் பெய்யவில்லை. நகரத்தில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் கைவிட்டன, டேங்கர் லாரிக்கு வரிசை நின்றோம். இதை எப்படி எழுதுவீர்கள்? மழை பொய்த்தது. நிலம் வறண்டது. ஏரி வற்றியது. ஆழ்துளைக் கிணறும் வற்றியது. செடி வாடியது, பிறகு காய்ந்தது. குழாய்? குழாய் வற்றவும் இல்லை, வறளவும் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து இந்த மேட்டு ஊருக்குப் பம்பு வைத்து ஏற்றப்படுகிறது, குழாய்க்கென்று சொந்தமாக ஊற்று எதுவும் கிடையாது.

இன்னொன்று. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா மைதானம் இருக்கிறது. "ஏரி வற்றி மைதானம் ஆனது" என்று எழுதினால் இலக்கணம் சரி, நியாயம் சரியில்லை. வற்றுவது தானாக நடப்பது, பழி வானத்தின் மேல் போய்விடும். மனிதர்கள் செய்ததைச் சொல்ல வடித்தார்கள், தூர்த்தார்கள் என்ற சொற்கள் தனியே இருக்கின்றன.

அடுப்படியில் வற்றுவதற்கு ஒரு தங்கை உண்டு: சுண்டுவது. குழம்பு வற்றும், பால் சுண்டும். சுண்டும்போது அளவு குறையும், சுவை திரளும். "பாலைச் சுண்டக் காய்ச்சு" என்றால் சுண்டு, காய்ச்சு இரண்டு சொல்லிலும் நெருப்பு இருக்கிறது. மண் குடித்துக்கொண்ட தண்ணீருக்குச் சுவறியது என்பார்கள். தொட்டியில் ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்தில் காணாமல் போனால் அது வற்றவில்லை, மண்ணில் சுவறியது.

நான்காம் படி: இலையும் பூவும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாடியதற்குத் தண்ணீர் தெளித்தால் உயிர் வரும். காய்ந்ததற்கு வராது. இரண்டுக்கும் நடுவில், சூடு பட்டுத் துவண்டால் வதங்கியது. வாணலியில் வெங்காயம் வதங்குவதும் சில்க் போர்டு சிக்னலில் நாம் வதங்குவதும் ஒன்றுதான். கே.ஆர். மார்க்கெட்டில் காலையில் வாங்கிய மல்லிகை மாலைக்குள் வாடும். பக்கத்தில் குவித்திருக்கும் வாடாமல்லி ஒரு வாரமானாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதன் இதழ் செடியில் இருக்கும்போதே காகிதம்போலக் காய்ந்துதான் இருக்கிறது. வாடுவதற்கு அதனிடம் ஈரமே இல்லை.

ஐந்தாம் படி: காய்ந்து முடிந்ததற்குப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் முன்னால் ஒரு ‘டிரை’ ஒட்டினால் வேலை முடிந்தது. தமிழில் காய்ந்த பிறகு பல பொருள்கள் பெயரையே மாற்றிக்கொள்கின்றன. ‘காய்ந்த இஞ்சி’ என்று எழுதாதீர்கள், சுக்கு. காய்ந்த இலை சருகு. காய்ந்த குச்சி சுள்ளி. மரத்திலேயே முற்றிக் காய்ந்த தேங்காய் நெற்று, உடைத்துக் காயவைத்த பருப்பு கொப்பரை. காய்ந்த மீன் கருவாடு, உப்பிட்டுக் காயவைத்த இறைச்சி உப்புக்கண்டம். சாணி காய்ந்தால் வறட்டி. புண்ணின் மேல் காய்ந்தது பொருக்கு.

காய்ந்த மிளகாய்க்கு மட்டும் ஒரே பெயர் கிடையாது, ஊருக்கு ஊர் வேறு. கோயம்புத்தூர்ப் பக்கத்தவர் வரமிளகாய் என்பார்கள். திருநெல்வேலிக்காரருக்கு மிளகாய் வத்தல். இங்கே சிவாஜிநகர், அல்சூர் பழைய தமிழர் வீடுகளில் காஞ்ச மொளகா என்று கேட்டிருக்கிறேன். கடைக்காரர் கன்னடத்தில் ஒண மெணசினகாயி என்பார். எல்லாம் ஒன்றே. தெற்கத்தி வீட்டில் ‘வத்தல்’ என்றால் மிளகாயா, வத்தக்குழம்பில் போடும் சுண்டைக்காயா என்று சூழலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஹோட்டலில் ஒரு வேடிக்கை. இங்கே கோபி மஞ்சூரியன் கேட்டால் "டிரையா, கிரேவியா?" என்பார்கள். அந்த டிரைக்குத் தமிழில் உலர்ந்த, வறண்ட என்று எதுவும் வராது, வறுவல் என்றால் போதும். சுக்கா என்ற சொல்லிலேயே இந்திக்காரர்களின் ‘சூகா’ இருக்கிறது, அதுவும் காய்ந்தது என்றுதான் பொருள். அப்படியிருக்க ‘சிக்கன் சுக்கா டிரை’ என்று பட்டியலில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோழிக்காக வருத்தப்படுகிறேன்.

ஆறாம் படி: மனிதர்கள் மேல் ஏற்றும்போது

இங்கே வேகத்தைக் குறையுங்கள். ‘வறட்டு’ என்பது பெரும்பாலும் குறை சொல்லும் அடைமொழி: வறட்டுப் பிடிவாதம், வறட்டு கௌரவம், வறட்டு வேதாந்தம். உள்ளே சாரம் இல்லாமல் விறைப்பு மட்டும் இருப்பது. சளி வராத இருமல் வறட்டு இருமல், அதில் குறை இருமலுக்கு இல்லை, நமக்கு. பால் சேர்க்காத காபி வரக்காபி, அதில் எந்த வசவும் கிடையாது.

ஆள் காய்ந்து கிடக்கிறான் என்றால் வேண்டியது கிடைக்காமல் ஏங்குகிறான் என்று பொருள். வயிறு காய்ந்தால் பசி. காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி என்பதை எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பந்தி தொடங்கும் நேரத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். இரக்கம் இல்லாதவரை ‘வறண்ட மனிதர்’ என்பதைவிட ‘நெஞ்சில் ஈரமில்லாதவர்’ என்பதே தமிழுக்கு நெருக்கம். சிரிக்காத முகத்தோடு அடிக்கும் நகைச்சுவையை மட்டும் தயவுசெய்து ‘உலர்ந்த நகைச்சுவை’ ஆக்காதீர்கள். குசும்பு என்றொரு சொல் எதற்கு இருக்கிறது?

ஏழாம் படி: கன்னடத்தைத் துணைக்கு வையுங்கள்

பெங்களூரில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, சென்னைக்காரர்களுக்கு அது கிடையாது. ஏரி வற்றியதைக் கன்னடத்தில் ‘கெரெ பத்திதெ’ என்பார்கள். பேச்சுத் தமிழின் ‘வத்து’ அங்கே ‘பத்து’. தமிழ் ‘வ’ அங்கே ‘ப’ ஆவது வழக்கம்தான், வா என்பது பா ஆகவில்லையா? வறட்சியைச் சொல்லும் ‘பர’வும் அப்படியே, நம் பழைய ‘வறம்’ அது. "வானம் வறக்குமேல்" என்று குறள் 18-ல் வருகிறது.

ஒண கசாவின் ‘ஒண’ இன்னும் சுவாரசியம். தமிழில் உணங்கு என்றால் காய்வது, உணக்கு என்றால் காயவைப்பது. இன்று தமிழ்நாட்டில் பேச்சில் அரிதாகிவிட்டது, மலையாளத்தில் ‘உணக்க’ என்று புழங்குகிறது. உழவு அதிகாரத்தில், குறள் 1037-ல் வள்ளுவர் எழுதுகிறார்: "தொடிப்புழுதி கஃசா உணக்கின்". ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்வரை நிலத்தை உழுது காயவிட்டால், ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறார். அல்சூர் ஏரிப் பக்கம் 18 ஆண்டு மூடியே நின்று, 2009-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை இருக்கிறதே, அந்த வழியாகக் காலையில் நடந்து போனால் அவருடைய சொல்லைக் குப்பை வண்டிக்காரர் கூவிக்கொண்டு போவதைக் கேட்கலாம்.

எட்டாம் படி: எழுத்தில் வழுக்கும் இடங்கள்

வறட்சி, வறண்ட, வறள் எல்லாவற்றுக்கும் வல்லின ‘ற’. ‘வரட்சி’ என்று செய்தித்தாளிலேயே பார்த்திருக்கிறேன், நீங்கள் எழுதாதீர்கள். வரமிளகாயும் வரக்காபியும் மட்டும் ‘ர’ போட்டே புழங்கிவிட்டன. அவற்றைத் திருத்தப் போனால் கடைக்காரர் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

வறள்கிறது, வறண்டது என்பதே சரி. ‘வறண்டுகிறது’ கிடையாது. உலர்வது தானாக, உலர்த்துவது நாம். காய்வது தானாக, காயவைப்பதும் காயப்போடுவதும் நாம். ‘காய்ச்சு’ வேறு, துணியைக் காய்ச்சினால் சாயம்தான் போகும். பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது: மரம் காய்ந்தது, மரம் காய்த்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். முன்னது விறகு, பின்னது மாங்காய்.

கடைசியாக, வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை. ஒரு நாள் முழுக்க ‘டிரை’ என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை அது நுனி நாக்குக்கு வரும்போதும் எதிர்ச்சொல்லைக் கேட்டுவிட்டுத் தமிழில் சொல்லுங்கள். மூன்றாவது மாடிப் பெண் போன ஞாயிறு இதைச் செய்தாள். தொட்டியில் துளசி வாடியது, கொடியில் துண்டு அரைக்காய்ச்சல், தொண்டை வறண்டது, பில்டர் டிகாக்‌ஷன் தீர்ந்தது என்று வரிசையாக அனுப்பினாள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு படம் வந்தது. பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கீழே: "பால். சுண்டிச்சா, வத்திச்சா?"

தீய்ந்துவிட்டது என்று பதில் போட்டேன்.